கொரண்டிங்கற ஊரு எங்க இருக்கு?

எங்க அப்பாயிக்கு, அதான் அப்பாவப் பெத்த பாட்டிக்கு, மலேயா கதைன்னா மொத்தமே நாலு வரிதான். "நாகப்பட்டணத்துல கப்பலேறுனோம். கப்பல்ல ஆறு நாளு, கொரண்டியில ஏழு நாளு. பினாங்கப் பாத்தேன். அப்பறம் தோட்டம்." அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டா "போடா, சோலியில்லாம"ன்னு வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கும். 1937ல ஏழு வயசுல அதோட அப்பா அம்மாவோட போயி, சண்டையெல்லாம் முடிஞ்சு 1947ல அம்மாவோட மட்டும் திரும்பி வந்துச்சு. அப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனான், வரல. அதப் பத்தி ஒருதடவகூட முழுசா பேசுனதில்ல, நாங்களும் கேக்கல. ஆனா இந்த நாலு வரிய மட்டும், யாராச்சும் வெளிநாடு போறேன்னு சொல்லிக்கிட்டு வந்தா போதும், ரேடியோ மாதிரி ஆரம்பிச்சிடும்.

இதுல எங்க வீட்டுல யாருக்குமே புரியாதது அந்த கொரண்டி. அது ஏதோ ஊருன்னு மட்டும் எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். அத்தை அது ஒரு எஸ்டேட்டு பேருன்னு சொல்லும். சித்தப்பா ரிட்டயர்டு வாத்தியார், மேப்பெல்லாம் பாப்பாரு, அவரு ஒரு கல்யாணப் பந்தியில உக்காந்து குவாந்தான்தான் நம்ம அம்மா வாயில கொரண்டியாயிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. குவாந்தான் மலேசியாவுக்கு கிழக்குக் கரையில கெடக்கு, பினாங்கு மேக்குக் கரையில இருக்கு, நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்குக்குப் போற கப்பல் எதுக்கு அங்க சுத்திட்டுப் போகணும்னு கேட்டதுக்கு, அந்தக் காலத்துல அப்படித்தான்டான்னுட்டாரு. வாத்தியாருகிட்ட என்ன பேசறது. அப்பாயி 2009ல போயிடுச்சு. கொரண்டி அப்படியே நின்னுடுச்சு.

போன வருசம் நானும் என் வீட்டுக்காரியும் பினாங்கு போனோம். அப்பாயிக்காகத்தான் போனேன்னு சொன்னா பொய், டிக்கெட் சல்லிசா கெடச்சுது, அவளுக்கு ஜார்ஜ் டவுன் சுவரோவியம் பாக்கணும், எனக்கு நாசி கண்டார் சாப்பிடணும். திருச்சியில ஏறி கோலாலம்பூர்ல மாறி பினாங்கு, அலைச்சலோட சேத்து அரை நாள். ஆறு நாளு போன எடத்துக்கு அரை நாள்ல போய் எறங்குறப்ப மட்டும் லேசா ஒரு மாதிரி இருந்துச்சு, உண்மை. முத நாள் ஏர்போர்ட்டுக்குப் பக்கமா இருக்கட்டும்னு குயின்ஸ்பே மால் கிட்ட ரூம் போட்டிருந்தோம். சாயங்காலம் மாலுக்கு எதிர்ல கடலோரமா நடந்தோம், அங்க ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். இத ஏன் சொல்றேன்னு அப்பறம் வரேன்.

பீச் இல்லாத பீச் ஸ்ட்ரீட்

மறுநாள் ஜார்ஜ் டவுன். யுனெஸ்கோ 2008ல மலாக்காவோட சேத்து உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச எடம், அதுக்கப்பறம் ஊரையே தொடச்சு வச்சிருக்காங்க. காலையில ஒரு நடைப்பயணக் குழுவுல சேந்துக்கிட்டோம், கைடு பொண்ணு நல்லா பேசுச்சு. முதல்ல கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட் 11ல பிரான்சிஸ் லைட் இங்க கொடியேத்துனது, காட்ட வெட்ட சிப்பாயிங்களுக்கு மனசு வரலன்னு பீரங்கியில வெள்ளிக்காச அடைச்சு காட்டுக்குள்ள சுட்டுட்டு, பொறுக்கிக்கங்கடான்னு சொன்ன கதை எல்லாம் சொல்லுச்சு. கதை நெசமோ பொய்யோ, ஆளுகள எப்படி வேலை வாங்கணும்னு தெரிஞ்ச ஆளு. பக்கத்துலயே மணிக்கூண்டு, விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருசம் ஆனதுக்கு 1897ல ஒரு சீனப் பணக்காரர் குடுத்த பரிசு, வருசத்துக்கு ஒரு அடின்னு அறுபது அடி. லேசா சாஞ்சிருக்கு, சண்டையில விழுந்த குண்டு அதிர்ச்சியாம்.

அங்கேர்ந்து பீச் ஸ்ட்ரீட். பீச்சக் காணோம். கடல் ரெண்டு தெரு தள்ளி கெடக்கு. 1880கள்ல கடல தூத்து வெல்ட் கீன்னு புதுக்கரை போட்டிருக்காங்க, அதுக்கு முன்னாடி அல இந்தத் தெருவு வாசல்லதான் அடிச்சிருக்கு. நம்மூரு பீச் ஸ்டேஷன்ல எறங்கி பீச்ச தேடுறவனுக்கு இது புதுசில்ல. ஆனா ஒண்ணு புதுசா இருந்துச்சு. பழைய கரைக்கும் புதுக் கரைக்கும் நடுவுல நீண்டு போற துண்டுத் தெருவுக்கெல்லாம் பின்னாடி "காட்"னு ஒட்டு இருக்கு, சர்ச் ஸ்ட்ரீட் காட், சைனா ஸ்ட்ரீட் காட்னு. மலாய் போர்டுலயும் அதே காட் தான். காசியில படித்துறைக்குச் சொல்றோமே, அதே காட். இந்தியாலேர்ந்து வந்த வார்த்தை, கரை நகந்து போன பின்னாடியும் தெருவு பேர்ல உக்காந்திருக்கு.

அப்பறம் கண்ணு அதுமேலயே போக ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு கட்டடத்தவிட வார்த்தைதான் சீக்கிரம் பிடிபடும், என் வீட்டுக்காரி ஜன்னல் கதவு டிசைன போட்டோ எடுத்துட்டிருந்தா நான் போர்ட படிச்சிட்டிருப்பேன். உல்லாசக் கப்பலுக்கு மலாய்ல "காப்பால் பெர்சியாரான்", அதுல காப்பால் நம்ம கப்பல்தான். கடைக்கு கெடாய். கிடங்குக்கு குடாங். இந்தக் கிடங்கு கதை இருக்கே, அது தனி. நம்ம கிடங்கு (தெலுங்குக்காரங்க கிட்டங்கின்னு பங்கு கேப்பாங்க, கேக்கட்டும்) கடல் தாண்டிப் போயி மலாய்ல குடாங் ஆகி, அத வெள்ளக்காரன் எடுத்து கோடவுன் ஆக்கி, அது திரும்ப நம்மூருக்கு வந்து குடோன் ஆகி நிக்குது. நம்ம வீட்டு சாமான நாமளே எறக்குமதி பண்ணி வச்சிருக்கோம். நகரத்தார் மட்டும் பினாங்கு ஸ்ட்ரீட்ல இன்னமும் கிட்டங்கின்னே சொல்றாங்க, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் ஒரு கிட்டங்கியிலேர்ந்துதான் கெளம்புது.

எம்டன் கதைய கைடு சொன்னப்ப குழுவுல நானும் இவளும் மட்டும் சிரிச்சோம், மத்தவங்களுக்குப் புரியல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல எண்ணெ டாங்க்குகள சுட்டுட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடிகாலையில, இல்லாத நாலாவது புகைபோக்கிய பொய்யா மாட்டிக்கிட்டு வேஷம் போட்டு இந்தத் தொறமுகத்துக்குள்ள நொழைஞ்சு, நின்னுட்டிருந்த ரஷ்யக் கப்பல மூழ்கடிச்சுது. ஜெம்சுக்னு அந்தக் கப்பல் பேரு, அதோட கேப்டன் அன்னிக்கு ராத்திரி கப்பல்லயே இல்ல, கரையில இருந்திருக்காரு. எங்க தெருவுல அந்தக் கப்பல் பேர் தெரியாம, அது கப்பல்னே தெரியாம, "அவன் சரியான எம்டன்டா"ன்னு சொல்லாத ஆளு கெடையாது. நான் சின்ன வயசுல அது எமனுக்கு தம்பின்னு நெனச்சிட்டிருந்தேன்.

படகுத்தொற வீடுங்களுக்கும் போனோம், கடலுக்கு மேல கால் நட்டு பலகை போட்டு கட்டுன சீனக் குடியிருப்பு. சியூ, லிம், டான், லீன்னு ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மரப்பாலம். பூரா பேரும் தொறமுகத்துல சம்பான் ஓட்டி, சரக்கு எறக்கி வாழ்ந்தவங்க. நெலத்துல இல்லாததால நெலவரியே கட்டலியாம். 2006ல ரெண்டு தொறைய ஃப்ளாட் கட்ட இடிச்சாச்சு, ரெண்டு வருசம் கழிச்சு யுனெஸ்கோ வந்துடுச்சு, மிச்சம் தப்பிச்சுது. இப்ப சியூ ஜெட்டியில முன்வீடெல்லாம் கடை. துரியன் ஐஸ்கிரீம் விக்கிறாங்க, உள்ளாற பாட்டி ஒண்ணு டிவி பாத்துட்டிருக்கு, வாசல்ல "போட்டோ எடுக்காதீங்க"ன்னு படம் போட்டு ஒட்டியிருக்கு. அதுக்கு கீழயே நின்னு எடுக்குறாங்க. நாங்க எடுக்கல, ஆனா எட்டிப் பாத்தோம், அதுவும் அதேதானே.

கடைசியா கப்பல் வந்து நிக்குற ஸ்வெட்டன்ஹாம் பியர் பக்கம். எதிர்ல கடிகாரக் கோபுரத்தோட வெள்ளையா ஒரு பெரிய கட்டடம், ரயில்வே கட்டடம், ஆனா ரயிலே வராத ஊரு, தீவாச்சே. 1907ல கட்டியிருக்காங்க, இங்க டிக்கெட் வாங்கி ஃபெரி ஏறி அக்கரையில போய் ரயில் ஏறணும். அந்த எடத்துல நின்னுதான் கைடு சொல்லுச்சு, "நம்ம ஊருக்கு உலகத்துலேர்ந்து எல்லாரும் இந்தக் கரையிலதான் வந்து எறங்குனாங்க, சீனர்கள், அரபிகள், ஆர்மீனியர்கள், இந்தியர்கள்." என் வீட்டுக்காரி என் கையப் புடிச்சா. நான் செருப்ப கழட்டிட்டேன். ஆமா, கழட்டிட்டேன். மத்தியான வெயில்ல, காலு பொசுங்க, அப்பாயி ஏழு வயசுல காலு வச்ச எடம்னு அந்த சிமெண்டு தரையில ரெண்டு நிமிசம் நின்னேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இவ வீடியோ எடுத்தா. குழுவுல ஒரு ஆஸ்திரேலியாக்கார அம்மா தோள்ல தட்டிக்குடுத்துச்சு.

"கொரண்டியா? அது இங்கதான்"

சாயங்காலம் நாசி கண்டார் கடை. கண்டார்னா தோள்ல போடுற காவடிக் கொம்பு. ஒரு பக்கம் சோத்துப் பானை, இன்னொரு பக்கம் கொழம்புப் பானைன்னு மாட்டிக்கிட்டு நம்ம தமிழ் முஸ்லிம்கள் தொறமுகக் கூலியாளுங்களுக்கு வித்த சோறு. இன்னிக்கு வரிசையில நின்னாதான் கெடைக்குது. எங்களுக்கு மேசை கெடைக்கல, தே தாரிக் குடிச்சிட்டு தனியா உக்காந்திருந்த ஒரு பெரியவரு, "இங்க உக்காருங்க தம்பி, ஊர்லேர்ந்து வந்தீங்களா"ன்னாரு. அங்க ஊருன்னா இந்தியாதான், பொறந்து வளந்தது பூரா பினாங்கா இருந்தாலும். அவரு அஞ்சு வயசுல ராம்நாட் பக்கத்துலேர்ந்து வந்தவரு, அவங்க அத்தா தொறமுகத்துல தொங்காங்குல சரக்கு எறக்குனவராம். எம்பத்தொண்ணு ஆவுதுன்னாரு, பல்லு பூரா சொந்தம்.

பேச்சு வாக்குல எங்க அப்பாயி ரஜூலா கப்பல்ல இங்க வந்துச்சு பாய்னு ஆரம்பிச்சேன். ரஜூலான்னதும் மனுசன் முகம் மாறிடுச்சு. "நான் வந்ததும் அதுலதான்." 1926லேர்ந்து கிட்டத்தட்ட அம்பது வருசம் மெட்ராசுக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடுன கப்பல், ஆயிரக்கணக்குல டெக்குல ஏத்திக்கிட்டு. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கே வராது, ஆழம் பத்தாது, வெளில நிக்கும், சலங்குல ஏத்திக்கிட்டு அலையில ஆட்டி ஆட்டிக் கொண்டுபோய் விடுவாங்க, சலங்குலயே பாதிப் பேரு வாந்தி. இத அவரு சொல்லச் சொல்ல எனக்கு அப்பாயி குரல் கேட்டுச்சு. நான் பெருமையா, "காலையில ஸ்வெட்டன்ஹாம் பியர்ல நின்னேன் பாய், அப்பாயி எறங்குன எடத்துல"ன்னேன்.

அவரு கிளாச கீழ வச்சாரு. "உங்க பாட்டி யாவாரத்துக்கு வந்த வூடா, கூலிக்கு வந்த வூடா?"

"தோட்டத்துக்கு. கெடாவுல, சுங்கைப் பட்டாணி பக்கம்."

"அப்ப இங்க எறக்கியிருக்க மாட்டாங்களே தம்பி. கங்காணி கூட்டியாந்த சனத்த நேரா கொரண்டிக்குல்ல கொண்டு போவாங்க."

நான் சத்தியமா சொல்றேன், கையில இருந்த அப்பளம் கீழ விழுந்துச்சு. இவதான் முதல்ல கேட்டா, "கொரண்டியா? அது எந்த ஊரு?" பெரியவரு சிரிச்சாரு. "ஊரெல்லாம் இல்லம்மா. ஜெரெஜாக் தீவு. கப்பல்ல வந்தவங்களுக்கு அம்மை, காலரா இருக்குதான்னு வச்சுப் பாப்பாங்க. வெள்ளக்காரன் பாஷையில என்னமோ சொல்லுவான்லா, இப்ப கொரோனாவுக்கு சொன்னாங்களே, வீட்டுக்குள்ள பதினாலு நாளு, அது."

குவாரண்டைன்.

2020ல ஒரு நாளைக்கு பத்துத் தடவ சொன்ன வார்த்தை. எங்க தெருவுல தகரம் வச்சு அடைச்சாங்க, கதவுல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, சித்தப்பாவே பதினாலு நாளு மாடி ரூம்ல குவாரண்டைன்ல கெடந்தாரு, அங்கேர்ந்து ஃபோன் போட்டு அம்மா மலேயாவுல பட்ட கஷ்டத்தவிடவா இதுன்னு வேற பேசுனாரு. ஒருத்தனுக்கும் பொறி தட்டல. அப்பாயி சொன்னது ஊரு பேரு இல்ல, அதுக்கு நடந்தது. வெனிஸ்ல கப்பல்ல வந்தவங்கள நாப்பது நாளு ஒதுக்கி வச்சதுலேர்ந்து வந்த வார்த்தைன்னு எப்பவோ படிச்சிருக்கேன், அவங்க பாஷையில நாப்பதுக்கு குவாரண்டா. அந்த நாப்பது எத்தன கடல் தாண்டி, எத்தன வாயில உருண்டு, கடைசியா திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கெழவி வெத்தல வாயில கொரண்டியா வந்து ஒக்காந்திருக்கு. நாங்க அத மேப்புல தேடிட்டிருந்தோம்.

பெரியவருக்கு அத்தா சொன்னது கொஞ்சம் ஞாபகம் இருந்துச்சு. கப்பல் தீவுக்கிட்ட நிக்குமாம், சின்ன போட்டுல எறக்கிக் கொண்டு போவாங்களாம், துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டு எடுப்பாங்களாம், மருந்துத் தண்ணியில குளிக்கச் சொல்லுவாங்களாம், கொட்டகையில படுக்க வைப்பாங்களாம். முதல் வகுப்புல வந்தவன், ரெண்டாம் வகுப்புல வந்தவனெல்லாம் டாக்டர் கிட்ட நாக்க நீட்டிட்டு ஜார்ஜ் டவுன்ல எறங்கிடுவான். அப்பறம் தீவுல நாளு முடிஞ்சா, கெடா பக்கத்து எஸ்டேட்டு ஆளுங்கள நேரா அக்கரை பிறைக்குக் கொண்டு போயி ரயில் ஏத்தியிருப்பாங்கன்னாரு. "பினாங்கு டவுன்ல அவங்களுக்கு என்ன வேலை தம்பி? யாரு விடுவா?"

நான் ரூமுக்கு வந்து தூங்கல. அப்பாயியோட நாலு வரிய திரும்பத் திரும்ப சொல்லிப் பாத்தேன். "பினாங்கப் பாத்தேன்." போனேன்னு சொல்லல, எறங்குனேன்னு சொல்லல. அம்பது வருசமா பாத்தேன்னு மட்டும்தான் சொல்லுச்சு, நாங்கதான் அத போனதா கேட்டுக்கிட்டோம். எப்பவோ ஒருதடவ, கரண்டு போன ராத்திரி திண்ணையில, "தூரத்துல வௌக்கா தெரியும், அதான் பினாங்குன்னாங்க"ன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஏழு வயசுப் புள்ள, மொட்டத் தலையா, தெரியாத எடத்துல, ராத்திரி கொட்டகை வாசல்ல நின்னு தூரத்துல வௌக்கப் பாத்திருக்கு. மொட்டைன்னு யாரும் சொல்லல, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன், அந்த ராத்திரி அப்படித்தான் தெரிஞ்சுது.

எனக்கு முதல்ல வந்தது கூச்சம். வெயில்ல செருப்ப கழட்டிட்டு நின்னேனே, எவன் எவனோ தொரைமாருங்க எறங்குன சிமெண்டுல. அப்பறம் கோவம் வந்துச்சு, அந்தக் கைடு பொண்ணு மேல. எல்லாரும் இந்தக் கரையில வந்து எறங்குனாங்கன்னு எப்படி அவ்வளவு சுளுவா சொல்லிடுச்சு? ஆனா யோசிச்சா அது சொன்னது முழுப் பொய்யும் இல்ல. சூலியா ஸ்ட்ரீட்ல யாவாரம் பண்ணவங்க, 1801ல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல எழுப்புன காதர் முகைதீன் கூட்டம், வட்டிக்கடை நகரத்தார், 1833லயே குயின் ஸ்ட்ரீட்ல மாரியம்மன் கோயில் கட்டுனவங்க, தொறமுகத்துல மூட்ட தூக்குனவங்க, இவங்கள்ல நெறைய பேரு அந்தக் கரையில எறங்குனவங்கதான். இந்தியர்னு ஒத்த வார்த்தையில போட்டா ரெண்டு கூட்டமும் ஒண்ணாயிடுது. நானும் அந்த ஒத்த வார்த்தைக்குள்ள நின்னுதானே அழுதேன். டவுன்ல தமிழ் போர்டு, தமிழ்க் கடை, நாகூர் தர்கா பேர்ல ஒரு தர்கா எல்லாம் பாத்துட்டு, எல்லாம் நம்மாளுங்கன்னு பெருமைப்பட்டுக்கிட்டே வந்தேன். அந்த நம்மாளுல எங்க அப்பாயி சேத்தியான்னு கேக்கத் தோணல.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா யோக்கியமா இருக்காது. எங்க ஊர்லேர்ந்து நாகப்பட்டினம் பஸ்ல ரெண்டு மணி நேரம்கூட ஆவாது. நாகூர் கந்தூரிக்கு போயிருக்கேன், வேளாங்கண்ணி போயிருக்கேன், மீன் வாங்க போயிருக்கேன், சுனாமிக்கு அப்பறம் அரிசி மூட்டையோட போயிருக்கேன். அப்பாயி சலங்கு ஏறுன கரை எதுன்னு ஒருநாளும் தேடுனதில்ல. ஆள் சேக்குற டிப்போ அந்த ஊர்லதான் இருந்துச்சு, இன்னொண்ணு ஆவடியில. 1938ல இந்திய சர்க்காரு கூலியாளு அனுப்புறத நிறுத்துற வரைக்கும் எத்தனையோ ஆயிரம் சனம் அந்த வழியாத்தான் போச்சு. அங்க ஒரு கல்லு நட்டிருக்காங்களான்னு பாக்காம, அடுத்தவன் ஊர்ல போய் எங்க பாட்டிக்கு ஏன் போர்டு வைக்கலன்னு கேக்கக் கெளம்பிட்டேன்.

எதிர்க்கரை

கடைசி நாள் ஃப்ளைட்டு சாயங்காலம். காலையில ஃபெரியில அக்கரை பட்டர்வொர்த் வரைக்கும் போயிட்டு வரலாம்னு இவ சொன்னா, காரெல்லாம் ஏத்துற பழைய ஃபெரி 2020 கடைசியோட நிறுத்திட்டாங்க, இப்ப புதுசா சின்னது விட்டிருக்காங்க. நான் ஜெரெஜாக் பாக்கணும்னேன். ஃபோன்ல மேப்ப தொறந்தேன். தொறந்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தேன். ஏர்போர்ட்டுலேர்ந்து வந்தப்ப கார்ல வலது பக்கம் கடலப் பாத்துட்டே வந்தோமே, அந்தக் கடல்ல கூடவே பச்சையா ஒண்ணு வந்துச்சே. முதநாள் சாயங்காலம் மாலுக்கு எதிர்ல நின்னு போட்டோ எடுத்தோமே. அதுக்குப் பின்னாடி.

திரும்ப அங்கயே போனோம். பினாங்குப் பாலத்துக்கு தெற்க, ரொம்ப கிட்ட, நீச்சல் தெரிஞ்சவன் யோசிக்காம எறங்கிடுவான் போல அவ்வளவு கிட்ட, காடு மூடுன மலை மாதிரி நீளமா கெடக்கு தீவு. அதுல ஒரு காலத்துல தொழுநோய்க்காரங்கள கொண்டுபோய் வச்சாங்க, அப்பறம் இந்த கொரண்டி, அப்பறம் காசநோய் ஆஸ்பத்திரி, 1969லேர்ந்து 1993 வரைக்கும் கைதிங்க. ஊருக்கு வேண்டாதவங்க யாரு யாருன்னு ஒவ்வொரு காலத்துக்கும் மாத்தி மாத்தி இந்த ஒரு தீவுலயே வச்சிருக்காங்க. அப்பறம் ரிசார்ட்டுகூட கட்டிப் பாத்திருக்காங்க. கொரண்டியில ரூம் போட்டு தேனிலவு, அப்பாயி கேட்டா சிரிச்சே செத்திருக்கும்.

மீன் புடிக்கிற ஒரு சீனப் பெரியவரு மட்டும் தூண்டில போட்டு உக்காந்திருந்தாரு. போட்டு புடிச்சு தீவுக்குப் போலாமான்னு இவ கேட்டா. நேரமும் இல்ல, எனக்கு மனசும் வரல. இந்தப் பக்கம் நின்னு பாக்குறதுதான் செரின்னு பட்டுச்சு, அது அந்தப் பக்கம் நின்னு பாத்துச்சுல்ல. வடக்கால திரும்பிப் பாத்தேன், ஜார்ஜ் டவுன் இங்கேர்ந்து சரியா தெரியல, நடுவுல பாலமும் அடுக்குமாடியும். 1937ல இதெல்லாம் இல்ல. செருப்ப கழட்டல இந்தத் தடவ.

ரூமுக்குப் போறப்ப கார்ல உக்காந்து குடும்ப குரூப்ல முதநாள் போட்ட போட்டோவ தேடி எடுத்தேன். நானும் இவளும் சிரிச்சிட்டிருக்கோம், பின்னாடி தீவு. கீழ அத்தை ஒரு ஹார்ட்டு, தங்கச்சி ரெண்டு ஹார்ட்டு. சித்தப்பா மட்டும் கேள்வி கேட்டிருக்காரு, வாத்தியாராச்சே: "பின்னாடி தெரியறது என்ன தீவு?" நான் போட்ட பதிலும் இருக்கு: "தெரியல சித்தப்பா, ஏதோ சின்னத் தீவு."

அந்தக் கேள்விக்கு கீழயே, மூணு நாள் கழிச்சு, கொரண்டின்னு மட்டும் டைப் பண்ணி அனுப்புனேன். அப்பறம் பெரியவரு சொன்னதெல்லாம் நீளமா ஒரு வாய்ஸ் மெசேஜ். நீல டிக் வந்துடுச்சு. அத்தை அழுதுட்டே ஃபோன் பண்ணுச்சு, ஏர்போர்ட்டுல செக்கின் வரிசையில நின்னு பேசுனேன், அதுக்கு அந்த மருந்துத் தண்ணி விசயம் தெரிஞ்சிருந்துச்சு, "பொம்பளப் புள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லும்டா, உங்கிட்ட எப்படி சொல்லும்"னுச்சு. சித்தப்பாகிட்டேர்ந்து சத்தமே இல்ல. ஃப்ளைட்டு ஏறி ஃபோன அணைக்கப் போறப்பதான் பதில் வந்துச்சு.

"சரி. எதுக்கும் அடுத்த தடவ குவாந்தானையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு."